சட்டிக்குக் கீழே ஒரு சக்கரம்

இப்போது விற்கிற புதுக் கார்களில் பெரும்பாலும் ஸ்பெயர் வீல் கிடையாது. விற்பவர்கள் அதைச் சொல்லும் விதத்தைப் பார்த்தால் எங்களுக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதைப் போல இருக்கும். பாரம் குறைவாம், பெற்றோல் மிச்சமாம், டிக்கியில் இடம் கூடவாம். வீலுக்குப் பதிலாக ஒரு போத்தல் பசையும் காற்றடிக்கிற சின்னப் பெட்டி ஒன்றும் தருவார்கள். ஆணி குத்திய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் டயரின் பக்கவாட்டுக் கிழிந்துபோனால் அந்தப் போத்தலைத் தலையில்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

நான் இப்படி ஆனதற்கு ஜெர்மனிதான் காரணம். மன்னாரிலிருந்து புறப்பட்டு அங்கே ஒரு சின்ன ஊரில் போய் விழுந்தேன். கலியாணம் பேசி, மனைவியும் அந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தாள். பனிக்காலத்துக்கு ஒரு செற் டயர், வெயில் காலத்துக்கு ஒரு செற் டயர் என்று வைத்திருக்கிற நாடு அது. மாற்றாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும். பொலிஸ் பிடிக்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருடத்துக்கு இரண்டு முறை ஜாக்கை வைத்து நானே நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பூட்டுவேன். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்துப்போனது. மனைவிக்கு அந்த ஊரில் எதுவுமே பிடிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கதைக்க ஆள் இல்லாமல் அவள் ஜன்னலோடு இருந்தாள். லண்டனில் தமிழில் பூசை இருக்கிறது, கடைக்குப் போனால் நாலு பேர் மறித்துக் கதைப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட, அதையே பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு லண்டனில் நோர்பரிப் பக்கம் வந்து குடியேறினோம். தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்குகிற வான் ஓடும் வேலை எனக்குக் கிடைத்தது. அவளுக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

ஆட்கள் என்றால் கொஞ்ச நஞ்சம் இல்லை. பூசைக்குப் போகும்போது எங்கள் காரில் ஒரு சீற் கூட வெறுமையாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது நீளமான எஸ்டேட் கார். நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் இருப்பாள், பின்னால் மூன்று பேர். அந்த மூவரில் இருவர் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் மட்டும் மாறவே மாட்டார். அவர் அடுத்த தெருவில் மகளோடு இருக்கிற ஒரு அக்கா, யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, எங்கள் இருவரையும் விட மூத்தவர். எனக்குப் பின்னால் இருக்கிற இடம் அவருடையது என்று யாரும் எழுதி வைக்காமலே ஆகிவிட்டது. அவரும் என் மனைவியும் கதைக்கத் தொடங்கினால் என் தலைக்கு மேலால் பேச்சுப் பறக்கும். நான் வாயை மூடிக்கொண்டு றோட்டைப் பார்ப்பேன்.

ஒவ்வொரு யூலையிலும் இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் நோர்போக் பக்கத்து மாதா கோயிலுக்கு யாத்திரை போவார்கள். ஊரில் மடு மாதாவிடம் போவது போலத்தான், பாய், தண்ணீர்ப் போத்தல், குடை, சாப்பாடு எல்லாம் காரில் ஏறும். என் மனைவி முதல் நாளே ஒரு பெரிய அலுமினியச் சட்டி நிறையக் கோழிப் புரியாணி போடுவாள். காரில் வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்துப் பாயில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் அரிசி போடுவாள். ஒரு வருடம், வழியிலிருந்த ஒவ்வொரு ரவுண்டபௌட் வளைவிலும் அந்தச் சட்டி டிக்கிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிப் போய், பாதி நெய் கம்பளத்தில் ஊறிவிட்டது. குளிர்காலம் முழுக்கக் காருக்குள் ஏலக்காய் மணந்தது. அடுத்த யூலையில் அவள் டிக்கியின் தரைத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்தக் குழிக்குள்ள கிடக்கிறது என்ன?"

"ஸ்பெயர் வீல்."

"அதை எடுத்து ஷெட்டுக்குள்ள வையுங்கோ. சட்டி இதுக்குள்ள அசையாமல் இருக்கும்."

"உமக்கு விசரே? நூற்றி இருபது மைல் போறம். டயர் போனால் என்ன செய்யிறது?"

"எத்தினை வருசமாப் போறம், எப்ப போனது? சாப்பாடு கொட்டுப்பட்டது மட்டும் போன வருசம் நடந்தது."

அவளுடைய வாதத்தில் ஓட்டை இருந்தது. ஆனால் சுற்றி நின்ற அக்காவும் மற்றவர்களும் அவள் பக்கம். நான் வீலைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் வைத்தேன். சட்டி அந்தக் குழிக்குள் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. சுற்றிவர இரண்டு குளிக்கிற டவலைத் திணித்ததும் அசைவே இல்லை. அவள் தட்டை மூடி, அதன் மேல் கையால் இரண்டு தரம் தட்டினாள். வாயால் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

போகும் வழியில் தெற்போர்ட் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் இடது டயர் வெடித்தது. காரை ஒருவாறு ஓரமாக்கி நிறுத்தி, இறங்கி, டிக்கியைத் திறந்து தட்டைத் தூக்கினேன். உள்ளே புரியாணி. பின்னால் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் திரும்பி நின்றார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மீட்பு வண்டிக்குப் போன் பண்ணினால், ஞாயிற்றுக்கிழமை, காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். தடுப்புக்கு அப்பால் இருந்த புல்லில் பாயை விரித்து அவர்கள் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். மனைவி கரண்டியோடு வந்தாள். நான் காரடியிலேயே நின்றேன். பேப்பர்த் தட்டில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "கோபத்தையும் சேர்த்துச் சாப்பிடுங்கோ, உறைப்புக் குறைவா இருக்குது," என்றாள். சாப்பிட்டேன். மீட்பு வண்டியோடு வந்த வெள்ளைக்காரனும் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து, மாதாவைத் தூக்கிக்கொண்டு போகிற சுற்றுப்பிரகாரமும் பாதியாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் கோயில் பங்கில் யாத்திரை என்று பேச்செடுத்தால் அந்தப் புல்வெளிக் கதையைத்தான் சொல்லுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஷெட்டைத் திறந்தேன். இனி இந்த வீல் இல்லாமல் கார் வாசலைத் தாண்டாது என்று அவளுக்குக் காட்டுவதற்காக அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கேதான் என் வாயில் மண் விழுந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வருடத்தின் எத்தனையாவது கிழமையில் செய்தது என்று சொல்லும், பின் இரண்டும் செய்த வருடம். அந்த டயர் கார் பிறந்த நாளிலிருந்து குழிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒரு மைல் கூட ஓடாமல் கிழண்டிப் போயிருந்தது. விரலால் அமத்தியதும் றப்பரில் மயிர் மயிராக வெடிப்புத் தெரிந்தது. காற்றும் பாதிக்கு மேல் இல்லை. நாலு சக்கரத்துக்கும் கிழமைக்குக் கிழமை காற்றுப் பார்த்தவன், ஐந்தாவதைத் திரும்பியும் பார்த்ததில்லை.

"அப்ப இது வந்திருந்தாலும் ஓடியிராது," என்றாள் அவள்.

"ஓடியிராது."

"அப்ப சட்டி வந்ததுதான் நல்லது."



அதற்குப் பிறகுதான் சரியான ஸ்பெயர் வீல் தேடத் தொடங்கினேன். அது கடையில் போய்ச் செருப்பு வாங்குகிற மாதிரி வேலை இல்லை. ஐந்து போல்ட் துவாரம் இருந்தால் எல்லாம் ஒன்றென்று ஆட்கள் நினைக்கிறார்கள். துவாரங்களுக்கு இடையிலான தூரமும் பொருந்த வேண்டும், நடுவில் உள்ள பெரிய துவாரமும் பொருந்த வேண்டும், பிரேக்கில் முட்டாமல் சுற்ற வேண்டும். டயரோடு சேர்த்துப் பார்த்தால் மற்ற மூன்றின் உயரத்துக்கு வர வேண்டும். அலோய் வீலுக்குப் போடுகிற நீளப் போல்ட்டை மெல்லிய இரும்பு வீலுக்குப் போட்டால் உள்ளே போய் வேறெதையாவது உடைக்கும், ஆகவே போல்ட்டும் தனி. நான் முழு அளவு வீல்தான் வேண்டும் என்று நின்றேன். முழு வீல் என்றால் குழி நிறைந்துவிடும், சட்டிக்கு இடமில்லை. இரண்டு மாதம் வீட்டில் இதே பேச்சு. அவள் நேரே சண்டைக்கு வரமாட்டாள். சோறு போடும்போது, "இந்தச் சட்டியை ஆருக்கும் குடுத்திடுவமோ," என்பாள்.

குரொய்டன் பக்கம் பழைய கார்களை உடைத்து விற்கிற யார்ட்டுக்கு ஒரு சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் முழு வீல்கள் அடுக்கியிருந்த பக்கம் போய் இலக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டாள். சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி மெல்லியதாக ஒன்று அவள் காலடியில் கிடந்தது. எங்கள் காரின் அதே மொடல் ஒன்றிலிருந்து கழற்றியது. மணிக்கு ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த வகையை எனக்கு அடியோடு பிடிக்காது. அவள் தன் சாணால் அதன் தடிப்பை அளந்தாள். வீட்டில் குழியின் ஆழத்தையும் அதே சாணால் அளந்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"இதைக் கீழ போட்டு, மேல போர்வையை மடிச்சு வைச்சால், சட்டி அரைவாசி குழிக்குள்ள இருக்கும். வழுக்காது. உங்கட வீலும் இருக்கும், என்ர சட்டியும் இருக்கும்."

இலக்கத்தைப் பார்த்தேன், வயது குறைவு. துவாரம், உயரம் எல்லாம் பொருந்தியது. வாங்கிக்கொண்டு வந்தோம். ஐம்பது மைலில் போனாலும் போய்ச் சேரலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்று யாராவது என்னிடம் எந்த ஸ்பெயர் வீல் சரி என்று கேட்டால், முதலில் உங்கள் டிக்கியில் வேறு என்ன போகப் போகிறது என்றுதான் கேட்பேன்.

அந்த மெல்லிய டயருக்கு மற்றவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று வேண்டும். சும்மா கிடந்தாலும் காற்று இறங்கும். அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை வெளியில் எடுத்து வாசலில் வைத்து, துடைத்து, வெடிப்புப் பார்த்து, அறுபதுக்குக் காற்றடிப்பேன். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன, காய்ச்சலோ?" என்று கேட்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அப்படிப் பகிடி விடுகிற துணிவு அவளுக்குத்தான் இருந்தது. நானும் சிரிப்பேன்.

அதன் பிறகு இரண்டு யாத்திரை போனோம். டயர் வெடிக்கவில்லை, சட்டி வழுக்கவில்லை. போன மார்கழியில் அவளுக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். பிறகு இல்லை.

செத்த வீட்டுக்கு வந்த சனத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தெரு முழுக்கக் கார். ஒரு மாதம் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றது. நிற்கத்தானே வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. நான் எதிர்பாராதது வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காரை எடுத்தால் என்னோடு யாரும் வரவில்லை. ஒரு நாள் பஸ் தரிப்பில் அக்கா நிற்பதைக் கண்டு நிறுத்தினேன். "நீங்கள் போங்கோ தம்பி, பஸ் வருது," என்றார். பஸ் வருவதாகத் தெரியவில்லை. நான் தெருமுனை வரைக்கும் மெதுவாகப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றார். அன்றைக்குப் பூசையில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

யூன் மாதத்தில் யாத்திரைக்கு ஆயத்தம் நடக்கத் தொடங்கியதும் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: என் காரில் நான்கு இடம் இருக்கிறது, வர விரும்புகிறவர்கள் சொல்லலாம். அப்படி எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்பெல்லாம் இடம் போதாமல் சண்டை பிடிப்பார்கள். பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஏழெட்டு வந்தது. கும்பிடுகிற கையும் வந்தது. வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்கு பேர் வேண்டாம், ஒருவர் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. அந்த ஒரு நாளாவது அந்தக் காருக்குள் இன்னொரு மனிதர் மூச்சு விடுகிற சத்தம் கேட்க வேண்டும். நம்பிக்கையை விடாமல் காரை உள்ளும் புறமும் கழுவினேன். ஐந்து டயருக்கும் காற்றுப் பார்த்தேன்.

யாத்திரைக்கு முந்திய கிழமை, பங்கில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிற பெண் போன் பண்ணினார்.

"அண்ணை, உங்கட கார் அண்டைக்கு ஃப்ரீதானே?"

"ஓம், ஓம். நாலு பேர் தாராளமா வரலாம்."

"இல்லை அண்ணை, இந்த முறை ஆக்களுக்குக் கோச் பஸ் புக் பண்ணியாச்சு. வயசு போன ஆக்களுக்கு அதுதான் சுகம். கோச்சில சூடான சாப்பாடு ஏத்த ஏலாதாம். அதுதான், சமையல் சட்டியளை நீங்கள் கொண்டுவர ஏலுமோ எண்டு கேக்கிறன். உங்கட கார்தானே நீளம்."

நான் ஓம் என்றேன். போனை வைத்தேன். பிறகு போய்ப் பின் சீற்றுகளை மடித்து, டிக்கியோடு ஒரே தளமாக்கினேன்.

யாத்திரை அன்று விடியக் கோயில் ஹோலுக்கு முன்னால் கோச் ஒன்று நின்றது. சனம் ஏறிக்கொண்டிருந்தது. என் காரில் சட்டிகள் ஏறின. பருப்பு, கத்தரிக்காய், கோழி, சலாட், தண்ணீர்ப் பெட்டி எல்லாம் ஏறிய பிறகும் ஹோலின் பெரிய கிடாரம் ஒன்று மிச்சம் இருந்தது. அது சோறு. கழுத்துவரை நிறைந்திருந்தது. குழிக்குள் முழுதாக இறக்கினால்தான் நிற்கும். உதவிக்கு நின்ற இருவர் தட்டைத் தூக்கி, என் வீலை வெளியில் எடுத்து நிலத்தில் போட்டார்கள்.

"அண்ணை, இதை ஹோலுக்குள்ள வைச்சிட்டுப் போங்கோ. பின்னேரம் வந்து எடுக்கலாம்."

"ஏலாது," என்றேன். எதிர்பார்த்ததை விடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கோச்சின் படியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது இல்லாமல் இந்தக் கார் போகாது."

"அப்ப எங்க வைக்கிறது? இடம் இல்லையே."

இடம் இருந்தது. முன் சீற் மட்டும் மிச்சம் இருந்தது. டிக்கியில் கிடந்த பழைய போர்வையை அதில் விரித்து, வீலை நானே தூக்கி நிமிர்த்தி, சீற்றின் முதுகோடு சாத்தி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து காரை ஸ்ராட் பண்ணினேன். தெருவுக்கு வந்ததும் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. முன் சீற்றில் பாரம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் சொல்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. அவள் ஒரு நாளும் தானாகப் பெல்ட் போட்டவள் இல்லை. தெரு முனை வரைக்கும் அடிக்க விட்டு, நான் ஏசிய பிறகுதான் போடுவாள். கை தன்பாட்டில் பக்கத்தில் போனது, வாயும் ஏசுவதற்குத் திறந்தது. காரை ஓரமாக்கினேன். பெல்ட்டை இழுத்து வீலுக்குக் குறுக்காகப் போட்டுக் கொளுவினேன். சத்தம் நின்றது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து நான் அழுதேன். பின்னால் கோழிக்கறி மணந்தது.

வழி முழுக்க டயர் ஒன்றும் வெடிக்கவில்லை. தெற்போர்ட் தாண்டும்போது, வெடித்தால் என்ன என்று நினைத்தேன். உடனே, வெடித்தாலும் புல்லில் பாய் விரிக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோச் என்னை முந்திக்கொண்டு போனது. ஜன்னல்களில் சில கைகள் ஆடின. அவர்கள் பாடுகிறார்கள் என்பது வாயசைவில் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்ததும் காரைச் சுற்றி ஒரே கூட்டம். சட்டிகள் இறங்குவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை. யாரோ முன் கதவைத் திறந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற வீலைக் கண்டு கூவி எல்லாரையும் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். "அண்ணை, ஆளுக்கும் சாப்பாடு போடவோ?" என்று ஒருத்தி கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சனம் கலைந்த பிறகு பார்த்தால் அக்கா மட்டும் சற்றுத் தள்ளி நின்று அந்த வீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. என்னைக் கண்டதும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பூசை, சுற்றுப்பிரகாரம், சாப்பாடு எல்லாம் நடந்தது. குடும்பம் குடும்பமாகப் பாயில் இருந்தார்கள். வாங்கோ அண்ணை, இருங்கோ அண்ணை என்று கூப்பிட்டார்கள். இருந்தால் நடுவில் இருப்பேன், கதை என்னைச் சுற்றிப் போகும். தட்டை எடுத்துக்கொண்டு வந்து டிக்கியின் விளிம்பில் இருந்து சாப்பிட்டேன். பின்னேரம் வெறும் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஓரமாக்கினேன். வீலைக் குழிக்குள் வைத்து இறுக்கினேன். பின் சீற்றுகளை நிமிர்த்தினேன். முன் சீற்றை ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டு, கோச் நின்ற இடத்துக்கு நடந்தேன்.

அக்கா வரிசையில் நின்றார். காலணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, என்னோட வாங்கோவன். வாசல்லயே இறக்கிவிடுறன்."

"இல்லைத் தம்பி, கோச்சில சீற் இருக்குது."

வேறு நாளாக இருந்தால் சரி என்று திரும்பியிருப்பேன். அன்றைக்குக் கால் நகரவில்லை.

"அவ போனாப் பிறகு ஒருத்தரும் என்ர காரில ஏறேல்லை. நான் என்ன பிழை விட்டனான் அக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்ற மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"பிழை ஒண்டும் இல்லைத் தம்பி. நாங்கள் ஏறினது அவவோட கதைச்சுக்கொண்டு போக. இப்ப உங்களோட நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? இவ்வளவு வருசத்தில நீங்கள் எங்களுக்குச் சொன்னது இரண்டு விசயம்தான். கதவை மெதுவாச் சாத்துங்கோ எண்டது ஒண்டு. மற்றது டயர்."

அதில் விஷம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது. எங்கள் கார் எப்போதும் நிறைந்திருந்தது என்று அத்தனை காலமும் ஒரு பெருமை இருந்தது எனக்கு. நிறைத்தது அவள். நான் ஓட்டியிருக்கிறேன்.

"நான் கதைக்கமாட்டன் அக்கா," என்றேன். "ஒண்டும் கதைக்காமல் ஓடுறன். நீங்கள் சும்மா வந்து இருந்தால் காணும்."

அவர் கோச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முன்னால் நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு, காலணியைக் கையில் பிடித்தபடியே என்னோடு நடந்து வந்தார். முன் கதவைத் திறந்துவிட்டேன். தலையை ஆட்டிவிட்டு, பின்னால், தன்னுடைய பழைய இடத்தில் ஏறினார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பார்லி வயல்கள் போயின, பன்றிப் பண்ணை போனது, காடு வந்தது. பின்னால் அவர் செபமாலை சொல்லுகிற முணுமுணுப்பு மட்டும். அதுவும் முடிந்தது. பிறகு இன்ஜின் சத்தம்தான். இவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தும் சொல்வதற்கு ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்லலாமா, அவருடைய மகளைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தேன். அப்படியே பத்துப் பதினைந்து மைல் போய்விட்டது.

"தம்பி."

"ஓம் அக்கா."

"முன் சீற்றில வைச்சிருந்தியளே, அந்த மெல்லிய டயர். அதுக்கு ஏன் மற்றதுகளை விடக் கூடக் காத்து அடிக்கிறது?"

வேகத்தைக் குறைத்து இடது லேனுக்கு மாறினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். பிறகு தொடங்கினேன். டயர் ஒடுக்கமாக இருந்தாலும் காரின் பாரம் குறைவதில்லை அக்கா, அந்தப் பாரத்தை அந்தச் சின்ன உடம்பு தாங்க வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு காற்று என்றேன். நான்கு இலக்கத்தைப் பற்றிச் சொன்னேன். போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். யார்ட்டில் அவள் சாணால் அளந்ததைச் சொல்லப்போனபோது கண்ணாடியில் பார்த்தேன். அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் சற்றுத் திறந்தபடி, நல்ல நித்திரை.

நான் நிறுத்தவில்லை. அவர் எழும்பிவிடாதபடி குரலை மட்டும் குறைத்துக்கொண்டு, லண்டன் ஓரத்தில் தேம்ஸைக் கடக்கிற டார்ட்போர்ட் பாலம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.